இரண்டு பேருக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஓர் ஆகஸ்ட் மாதத்தில் இது நடந்தது. இடம், பெங்களூரில் கப்பன் பார்க்குக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தின் கூட்ட அறை.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று மூன்றும் எனக்குச் சேர்ந்தே வந்தன. அதுவே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நோயாளி சொல்வதை டாக்டருக்குச் சொல்வது, தொழிற்சாலைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடக்கும்போது பக்கத்தில் நின்று பேசுவது, இப்படி மொழிபெயர்ப்பு வேலை எது வந்தாலும் போவேன்.

அந்த முறை கூப்பிட்ட பெண், "மேடம், ஹார்பர்ல டேஞ்சரஸ் கூட்ஸ், வெடிபொருள் இதெல்லாம் எப்படிக் கையாளணும்னு ரூல்ஸ் திருத்தறாங்க. ஒரு நாள் மீட்டிங். தமிழ் பேசற சாட்சி ஒருத்தங்க வராங்க" என்றாள்.

"பெங்களூர்ல எங்கம்மா ஹார்பர்?" என்று கேட்டேன்.

"கடல் அங்க இருக்கு, ரூல் எழுதற ஆளுங்க இங்கதானே மேடம் இருக்காங்க" என்று சிரித்தாள்.

வார்த்தைகளுக்குத் தயாராகிக்கொள்வதற்காக வரைவு விதிகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். வெடிமருந்துப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், எதை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது, எப்போது இறக்கலாம், யார் கூடவே நிற்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. நடுவில் ஓரிடத்தில், எச்சரிக்கைப் பலகைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். சரியாகத்தானே இருக்கிறது என்று பட்டது.

கூட்டத்தன்று சீக்கிரமே போய்விட்டேன். வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நனைந்த குடையை மடக்கிக் காலுக்கடியில் வைத்திருந்தாள். நான் தமிழில் பேசியதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்கம்மா. நீங்க பேசறத அவங்களுக்கும், அவங்க பேசறத உங்களுக்கும் சொல்றதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

"நல்லதா போச்சுக்கா. நான் ஒளறிட்டாலும் நீங்க சரியா சொல்லிடுவீங்க."

"இல்லம்மா. நீங்க என்ன சொல்றீங்களோ அதத்தான் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

அவள் சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இங்கே நீலசந்திராவில் அக்கா வீட்டோடு ஒட்டிக்கொண்டு மகளுடன் இருக்கிறாள். வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. மேற்குக் கடற்கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில் மூட்டை, பீப்பாய் ஏற்றும் வேலைக்கு, ஊர்க்காரர் ஒருவர் மூலமாகப் போனவர். போன ஒரு வாரத்தில் விபத்து. தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்புதான் அவளைத் தேடிப் பிடித்துக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தது.

"என்ன சொல்லணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"என்னாக்கா சொல்றது? ட்ரம்முல இருந்து பொகை வந்துச்சாம். எல்லாரும் ஓடுனாங்களாம். இவரு மட்டும் பக்கெட்டுல தண்ணி மொண்டுக்கினு அதுகிட்ட போனாராம். 'வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல கேக்காம ஊத்திட்டான், அவனா தேடிக்கிட்ட சாவு'ன்னு கான்ட்ராக்டர் சொன்னாரு. எங்க மாமியார் வூட்லயும் அதே பேச்சுதான். என் பொண்ணுகிட்டயே ஒருத்தங்க சொல்லிட்டாங்க, உங்கப்பன் சொல் பேச்சு கேக்காத ஆளுன்னு."

பேசும்போது அவள் அழவில்லை. ஈரமான புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"அவரு அப்படி இல்லக்கா. வேணாம்னா வேணாம்தான். கேஸ் சிலிண்டர மாத்தினா மூணு வாட்டி தொட்டுப் பாப்பாரு. எங்க ஊரு கெணத்துல எட்டிப் பாக்கக்கூட பயம் அவருக்கு. அந்த மனுசன் எப்படிக்கா போயி ஊத்துவாரு? அது ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. மத்தபடி நான் எதுவும் கேக்க வரல."

உள்ளே கூப்பிட்டார்கள்.

நீள மேசை. நடுவில் தலைமை அதிகாரி, அவரும் ஒரு பெண்மணி. ஒரு பக்கம் துறைமுக அதிகாரிகளும் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவரும். எதிர்ப்பக்கம் சரக்கு ஏஜென்டுகளின் பிரதிநிதி. அவருக்குப் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மெலிந்த மனிதர். விபத்து நடந்த துறைமுகத்தில் சரக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். இடது கையை மேசைக்கு மேலே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நானும் அவளும் ஓரத்தில் உட்கார்ந்தோம். மற்றவர்கள் கன்னடத்தில் பேசும்போது நான் அவள் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். அவள் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்படி கன்னடத்தில் சொல்ல வேண்டும்.

முதலில் அவளைத்தான் பேசச் சொன்னார்கள். வராந்தாவில் என்னிடம் சொன்னதில் பாதியைக்கூட அவள் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரரு அங்க செத்துட்டாரு. அந்த ட்ரம்முல என்னா இருக்குதுன்னு அவருக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரு." அவ்வளவுதான். எங்கள் தொழிலில் பேசுகிறவர் 'என்' என்றால் நாங்களும் 'என்' என்றுதான் சொல்ல வேண்டும். 'என் கணவர் இறந்துவிட்டார்' என்று கன்னடத்தில் நான் சொன்னபோது, என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

பிறகு ஏஜென்டுகளின் பிரதிநிதி பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு ஆரம்பித்தார். ஒவ்வொரு பீப்பாயிலும் உலகம் முழுவதும் புழங்கும் படச் சீட்டு ஒட்டியிருக்கிறது, தீப்பிழம்பு படம், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பலகைகளும் உண்டு. வேலைக்கு வருகிறவர்களோ தமிழர், ஒடியாக்காரர், பீகாரி, வங்காளி என்று நாளுக்கொரு கும்பல். எத்தனை மொழியில் சொல்ல முடியும்? மழை பிடிப்பதற்குள் படகில் சரக்கை ஏற்றி அனுப்ப வேண்டாமா? அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. சில அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

அடுத்து அந்த மெலிந்த மனிதர். கடற்கரைப் பக்கத்துக் கன்னடம், நிதானமான பேச்சு. நான் அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தீவுக்குப் போகும் சரக்குப் படகில் ஏற்றுவதற்காகக் கார்பைட் பீப்பாய்கள் வந்திருந்தன. வெல்டிங் பட்டறைகளில் பயன்படுத்தும் அந்தக் கல்தான். ஈரம் பட்டால் அதிலிருந்து வாயு கிளம்பும். அந்த வாயு ஒரு சின்னப் பொறி பட்டாலும் வெடித்துவிடும். காலையில் மழை பெய்திருந்தது. ஒரு பீப்பாயின் மூடி நசுங்கி வாய் திறந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதைப் புரட்டும்போது உஸ்ஸென்று சத்தமும் வெண்புகையும் வந்தன. பூண்டு வாடை. தன் ஷெட் வாசலில் நின்றிருந்த இவருக்கு என்ன நடக்கப் போகிறது என்று உடனே தெரிந்துவிட்டது.

"ஆட்கள் ஓடினார்கள். ஒருவர் மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பீப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மாவின் கணவர். நான் அவரைப் பார்த்துக் கத்தினேன்" என்று சொல்லிவிட்டு, தான் கத்தியதைச் சொன்னார். "நீரு ஹாக்பேடி. நீரு ஹாக்பேடி."

என் வாய் தானாகவே அதைத் தமிழில் சொல்லப் போனது. தண்ணி ஊத்தாதீங்க. 'தண்ணி' என்று வாயெடுத்த அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நிறுத்திவிட்டேன்.

"என்னாக்கா? என்னா சொன்னாரு?" என்றாள்.

மொழிபெயர்ப்பவள் நிறுத்தக் கூடாது. "தண்ணி ஊத்தாதீங்கன்னு கத்தினேன்னு சொல்றாரு" என்றேன். அதுதான் அவர் சொன்னதற்குச் சரியான தமிழ். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.

அவள் முகம் அப்படியே இறங்கியது. மூன்று வருடமாக எல்லோரும் சொன்னதையே, நேரில் பார்த்த ஒருவர் வாயால் கேட்டுவிட்டாள். "அப்போ சொல்லித்தான் இருக்காங்க" என்றாள் மெதுவாக. "சொல்லியும் ஊத்தியிருக்காரு."

அவர் பேச்சு தொடர்ந்துகொண்டிருந்தது. நான் அதைக் கேட்கவில்லை. நான் சரியாகச் சொன்னதுதான் அவளிடமிருந்து உண்மையை மறைத்திருந்தது. ஆனால் எனக்குப் பட்டதை அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது அவர் சொன்னதல்ல, அவள் கேட்டதுமல்ல, என் யோசனை. பத்தொன்பது இருபது வருட வேலையில் என் யோசனையை நான் ஒருமுறைகூட இடையில் நுழைத்ததில்லை. கை மட்டும் எப்படியோ உயர்ந்துவிட்டது.

"மேடம், ஓர் அனுமதி வேண்டும். இவர் அன்றைக்குக் கத்திய வார்த்தைகளை மொழிபெயர்க்காமல், கன்னடத்திலேயே அப்படியே இந்த அம்மாவிடம் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

தலைமை அதிகாரிக்குப் புரியவில்லை. ஆனாலும் "சொல்லுங்கள்" என்றார்.

அவள் பக்கம் திரும்பி, "அவர் தமிழ்ல கத்தலம்மா. கன்னடத்துல கத்தினாரு. 'நீரு ஹாக்பேடி'ன்னு" என்றேன்.

அவள் ஆபீசில் வேலை செய்து கொஞ்சம் கன்னடம் பிடித்திருந்தாள். உதடு அசையாமல் இரண்டு மூன்று முறை அதைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எங்க நின்னு கத்துனாருன்னு கேளுங்கக்கா."

கேட்டேன். ஷெட் வாசலிலிருந்து என்றார். தண்ணீர்த் தொட்டி, சரக்கு ஏற்றும் மேடையின் மறுகோடியில் இருந்தது. நல்ல காற்று. லாரி ஒன்று எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது.

"கத்துனது அவரு காதுல விழுந்துச்சா?"

இதைக் கேட்டதும் அந்த மனிதர் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "விழுந்தது" என்றார். "அதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். சரி என்பதுபோலக் கையை உயர்த்திக் காட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அடுத்த நொடி பக்கெட்டை எடுத்து மொண்டுகொண்டு ஓடினார். கேட்டுவிட்டு ஏன் ஊற்றினார்? மூன்று வருடமாக யோசிக்கிறேன்."

நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்திலிருப்பவரிடம் வழி சொல்வதுபோலத்தான் பேசினாள்.

"அவருக்கு ஒரு வார்த்தை கன்னடம் தெரியாதுங்க. வந்து ஒரு வாரம்தான் ஆச்சு. நீங்க கத்துனதுல 'நீரு' ஒண்ணுதான் அவருக்கு வெளங்கியிருக்கும். பொகை வருது, ஆபீசரு தண்ணி கேக்கறாருன்னு நெனச்சிருக்காரு. அதான் சரின்னு கை காட்டியிருக்காரு. அவரு சொல் பேச்சு கேக்காத ஆளு இல்லங்க. நீங்க சொன்னதத்தான் செஞ்சாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மனிதரும் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தன்னை நோக்கி ஏதோ சொல்லப்பட்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்து, என்னவென்று கேட்பதற்காக லேசாக முன்னால் சாய்ந்திருந்தார்.

அதை அவருக்குச் சொல்ல வேண்டியவள் நான்.

மென்மையாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. காப்பாற்றுவதற்காகக் கத்திய ஒரு மனிதரிடம், உங்கள் குரல்தான் அவரைப் பீப்பாயிடம் அனுப்பியது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று அவளிடம் காலையில் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு வாக்கியமாகக் கன்னடத்தில் சொன்னேன். 'நீரு' என்ற சொல் வந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்கள் அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் கடைசி வரை சொன்னேன். நீங்கள் சொன்னதைத்தான் செய்தார்.

 மடியிலிருந்த இடது கை தானாக மேசைக்கு மேலே வந்தது. முழங்கையிலிருந்து விரல் வரை தோல் சுருங்கி, நிறம் மாறி இருந்தது. அந்தக் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள்கள் மட்டும் அசைந்தன. தலைமை அதிகாரி கூட்டத்தைச் சற்று நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அவள்தான் முதலில் அசைந்தாள். "அந்தக் கை எப்படி ஆச்சுன்னு கேளுங்கக்கா" என்றாள்.

வெடித்த பிறகு உங்கள் கணவரை இழுத்து வெளியே கொண்டுவந்தது இவர்தான் என்று, அவருக்குப் பதிலாக ஏஜென்டுகளின் பிரதிநிதி சொன்னார். 

அவளுக்கு இது தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

"அண்ணா, நான் உங்க மேல பழி போடல. அவரு மேல இருந்த பழியத்தான் எடுத்தேன். நீங்க நல்லதுக்குத்தான் கத்துனீங்க. நல்லதுக்குத்தான் அவரும் ஓடுனாரு."

 ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இதைக் கன்னடத்தில் சொன்னேன். அவர் நிமிர்ந்து, "ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது என் கையை இறுக்கமாகப் பிடித்திருந்தார் அம்மா. கடைசி வரை விடவில்லை" என்றார். அவள் அதைக் கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

மதியத்துக்குப் பிறகு கூட்டம் மறுபடி கூடியது. காலையில் நடந்ததுபோல அது நடக்கவில்லை. தீயணைப்புத் துறைக்காரர், "தீப்பிழம்பு படத்தைப் பார்த்தால் யாருக்கும் தண்ணீர்தானே நினைவுக்கு வரும்" என்றார். பலகையில் எந்த மொழி என்ற பேச்சு, ஆட்களுக்கு எப்படிச் சொல்வது என்ற பேச்சாக மாறியது. எத்தனை மொழியில் சொல்வது என்று கேட்ட அதே பிரதிநிதி, கும்பலில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இல்லாமல் ஆபத்தான சரக்கைத் தொடவே கூடாது என்று எழுதலாமா என்று கேட்டார். ஆபத்து வந்தால் யாரும் வார்த்தையால் கத்தக் கூடாது, எல்லோரையும் வெளியேற்றும் ஒரே சங்கொலிதான் எழுப்ப வேண்டும், அதை வேலை தொடங்கும் முன் ஆட்களுக்குக் கேட்கவைத்துப் பழக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அந்த மெலிந்த மனிதர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். பேசவில்லை.

சில மாதங்கள் கழித்துத் திருத்திய வரைவைத் தமிழில் பெயர்க்க எனக்கே அனுப்பினார்கள். வேலைக்கு முன், ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருக்குப் புரியும் மொழியில், சரக்கு இன்னது, அதன் ஆபத்து இன்னது, செய்யக் கூடாதது இன்னது என்று சொல்ல வேண்டும் என்று வறட்டுச் சட்ட நடையில் ஒரு வரி இருந்தது. அன்றைக்கு நீலசந்திராவுக்கு போன் போட்டு அதைப் படித்துக் காட்டினேன். அவள் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். "என் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்க்கா, உங்கப்பா சொல்றத கேட்டு நடக்கிற ஆளுதான்னு" என்றாள். எல்லாத் துறைமுகங்களிலும் அந்த வரிப்படி நடக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த மனிதரைப் பற்றி மட்டும் பிறகு எதுவும் தெரியவில்லை. விடை தெரியாமல் மூன்று வருடம் இருந்தவருக்கு விடையைக் கொடுத்து அனுப்பினேன். அதை வைத்துக்கொண்டு அவர் எப்படி இருக்கிறார் என்று, மழை பெய்யும்போது நினைத்துக்கொள்வேன். அன்று அவர் முகத்தைப் பார்த்தது முதல், ஒருவர் தோளிலிருந்து இறக்கிவைக்கும் உண்மை இன்னொருவர் தோளில் ஏறக்கூடும் என்று தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கிறேன். தெரிந்தும், ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்க எனக்கு மனம் வருவதில்லை.